மொறிஸ் மைனரின் ஐந்தாம் வால்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஆவணியில், நல்லூர்த் திருவிழாவுக்காகக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஏ9 வீதியால் போகும் எல்லா வாகனங்களையும் போல எங்கள் மொறிஸ் மைனர் 1000 காரும் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நின்றது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால் மணி நேரம் கழித்து எஞ்சினை மீண்டும் இயக்கியபோது, அது வழமையான சீரில் நிற்கவில்லை. நான்கு அடிக்கு ஓர் அடி விழாமல் போவது போன்ற ஒரு தடுமாற்றம் கேட்டது. ஆக்சிலேற்றரை மிதித்தால் மறைந்து, காலை எடுத்தால் திரும்பி வந்தது. பிளக் வயர் ஒன்று தளர்ந்திருக்கும் என்று எண்ணி எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு, மீதமிருந்த ஏறத்தாழ 75 கிலோமீற்றரையும் ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். அந்த 75 கிலோமீற்றரை ஓட்டியது தவறு என்பதை, சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டைக் கழற்றிய பிறகே அறிந்தேன். அதைவிடப் பெரிய தவறு அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே நடந்திருந்தது. அதற்கு நானும் உடந்தை. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த முன்கதையைப் பற்றியது.

வண்டியும் அதன் எஞ்சினும்

மொறிஸ் மைனர் 1000 இல் 1956 முதல் பொருத்தப்பட்டது பிஎம்சி என்னும் பிரித்தானிய மோட்டார் நிறுவனத்தின் ஏ-வரிசை எஞ்சினின் 948 சிசி வடிவம். நான்கு சிலிண்டர், 62.9 மில்லிமீற்றர் உள்விட்டம், 76.2 மில்லிமீற்றர் ஓட்டம், 37 குதிரைவலு. 1962 இல் அதன் இடத்துக்கு 1098 சிசி எஞ்சின் வந்தது. எங்களுடையது 948. இலங்கையில் இந்தக் கார்கள் இன்றும் பெருந்தொகையாக ஓடுவதற்கு அவற்றின் எளிமையே காரணம் என்று பலரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் அந்த எளிமைக்குள் ஒரு பலவீனமும் இருக்கிறது.

இந்த எஞ்சினின் ஹெட் முழுவதும் வார்ப்பிரும்பு. வால்வு வந்து அமரும் சீற், தனியாகச் செய்து பொருத்திய வளையமன்று. அந்த வார்ப்பிரும்பிலேயே கடைந்தெடுத்த சரிவு. எட்டு வால்வுகளுக்கும் ஹெட்டில் ஐந்து வழிகள் மட்டுமே உண்டு. உள்ளிழுக்கும் பக்கத்தில் இரண்டு வழிகள், ஒவ்வொன்றையும் இரண்டு சிலிண்டர்கள் பங்கிடுகின்றன. எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸோஸ்ற் பக்கத்தில் மூன்று; முதலாம், நான்காம் சிலிண்டர்களுக்கு ஆளுக்கொன்று, நடுவில் உள்ள இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒன்று. றேடியேற்றர் பக்கத்திலிருந்து வால்வுகளை எண்ணினால் 1, 4, 5, 8 ஆகியவை எக்ஸோஸ்ற். 2, 3, 6, 7 ஆகியவை உள்ளிழுப்பு. நான்காவதும் ஐந்தாவதும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் இரண்டாம் சிலிண்டரும் மூன்றாம் சிலிண்டரும் சரியாக ஒரு சுற்று இடைவெளியில் மாறிமாறி வெடிக்கின்றன. ஆகவே ஓரத்து எக்ஸோஸ்ற் வழிகளுக்கு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சூடான வாயு வரும்போது, நடுவழிக்கு ஒவ்வொரு சுற்றிலும் வருகிறது. மெக்கானிக்குகள் இந்த எஞ்சினில் 'நடு வால்வு எரிஞ்சிட்டுது' என்று சொல்வதை அடிக்கடி கேட்பதற்கு இந்த அமைப்பே காரணம்.

எங்கள் வண்டியின் வரலாற்றில் இன்னொரு பகுதி இருக்கிறது. 1990 இல் யாழ்ப்பாணத்தின் மீது பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காமல் போனபோது, குடாநாட்டின் மற்றப் பழைய கார்களைப் போல இதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. சில துளி பெற்றோலைக் காபுரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் அப்பா. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எரியாத பகுதி சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அதன் ஒக்டேன் அளவும் மிகக் குறைவு என்பதால், எஞ்சின் தட்டாமல், அதாவது கலவை தானாக வெடித்து ஒலிக்காமல், இருக்க பொறி விழும் இக்னிஷன் நேரத்தைப் பின்தள்ளி வைக்க வேண்டும். புகையும் கரியும் சேர்ந்ததால் சில மாதங்களுக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டி, அரைக்கும் பசையைப் பூசி வால்வுகளைக் கையால் தேய்த்து மீண்டும் பொருத்துவார்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் சீற் ஒரு மயிரிழை ஹெட்டுக்குள் இறங்கியிருக்கும். அந்தக் காலத்தில் அதை யாரும் கணக்கெடுக்கவில்லை. கணக்கெடுக்கும் நிலையிலும் யாரும் இருக்கவில்லை. ஆயினும் 2018 இல் சீற் எவ்வளவு இறங்கியிருந்தது என்று அளந்தபோது, அதில் எவ்வளவு பழைய தேய்ப்பு, எவ்வளவு புதிய தேய்வு என்று பிரித்தறிய வேண்டியதாயிற்று.

நோய் அறிந்த விதம்

முதலில் செய்தது மெக்கானிக்குகளின் பழைய உத்தி. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு நூறு ரூபாய்த் தாளை சைலன்சர் குழாயின் வாயருகே பிடித்தால், நல்ல எஞ்சினில் அது சீராக வெளியே தள்ளப்படும். எங்கள் தாள் இடையிடையே குழாயை நோக்கி உள்ளே இழுபட்டது. எக்ஸோஸ்ற் வால்வு முழுதாக மூடாத சிலிண்டர், உள்ளிழுக்கும் நேரத்தில் எக்ஸோஸ்ற் குழாயிலிருந்தும் காற்றை இழுக்கும் என்பதே அதன் பொருள்.

அடுத்து கொம்பிரஷன் சோதனை. நான்கு பிளக்கையும் கழற்றி, திறொட்டிலை முழுதாகத் திறந்து வைத்துப் பார்த்ததில் முதலாம் சிலிண்டர் சதுர அங்குலத்துக்கு 140 இறாத்தல், இரண்டாவது 135, மூன்றாவது 60, நான்காவது 140 காட்டின. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கிடையே, ஹெட்டின் அடியில் உள்ள அடைப்பான ஹெட் கஸ்கற் போய்விட்டது என்று சந்தேகித்திருக்கலாம். ஒன்று மட்டும் விழுந்ததால் அது விலக்கப்பட்டது. மூன்றாம் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தபோதும் 60 ஐத் தாண்டவில்லை. பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங் தேய்ந்திருந்தால் ஒயில் அந்த இடைவெளியை அடைத்து அளவை உயர்த்தியிருக்கும். கடைசியாக, மூன்றாம் பிஸ்ரனை அழுத்த ஓட்டத்தின் உச்சியில் நிறுத்தி, பிளக் துவாரத்தின் வழியே காற்றை ஏற்றியபோது சைலன்சர் குழாயில் சீறல் கேட்டது. காபுரேற்றரில் கேட்கவில்லை. எனவே குற்றவாளி, மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ற் வால்வான ஐந்தாம் வால்வு.

ஹெட்டைத் தொடுமுன்னர், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருந்தபோது, டப்பெற் இடைவெளிகளை அளந்து குறித்தேன். செய்தவற்றுள் மிகவும் பயன்பட்டது இதுதான். கழற்றிய பிறகு இந்தச் சான்று திரும்பக் கிடைக்காது. வால்வை அழுத்தித் திறக்கும் நெம்பான றொக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் இடையே இருக்க வேண்டிய இந்த இடைவெளி 12 தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு, 0.30 மில்லிமீற்றர். உள்ளிழுப்பு வால்வுகள் நான்கிலும் 9 தௌ இருந்தது; கடைசியாக வைத்த அளவே 9 தான், அதன் காரணம் பின்னர் வரும். எக்ஸோஸ்ற் வால்வுகளில் முதலாவது 7, நான்காவது 5, ஐந்தாவது 3, எட்டாவது 6. எல்லாம் ஒரே நாளில் ஒரே அளவுக்கு வைக்கப்பட்டவை. உள்ளிழுப்பு அசையாமல் நிற்க, எக்ஸோஸ்ற் மட்டும் சுருங்கியிருக்கிறது. அதிலும் நடுவில் உள்ளவை மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சுருங்கியிருக்கின்றன. வால்வு எரிந்ததற்கான காரணம் இந்த எட்டு எண்களில் ஏறத்தாழ முழுதாகவே எழுதப்பட்டிருந்தது.

இடைவெளி ஏன் சுருங்குகிறது

டப்பெற் இடைவெளி கூடுவதே தேய்மானத்தின் அறிகுறி என்று பலர் நினைக்கிறார்கள். றொக்கரும் தண்டின் நுனியும் தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தமும் கூடும், அது உண்மை. ஆனால் சீற் தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறுகிறது, தண்டின் நுனி றொக்கரை நெருங்குகிறது, இடைவெளி குறைகிறது, சத்தமும் குறைகிறது. எஞ்சின் முன்னைவிட அமைதியாகிறது. உரிமையாளர் மகிழ்கிறார்.

எக்ஸோஸ்ற் வால்வின் தலை, சுமையோடு ஓடும்போது 700 முதல் 800 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. அந்தச் சூட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு, வால்வு சீற்றில் அமர்ந்திருக்கும் நேரத்தில் சீற் வழியாக ஹெட்டைச் சுற்றியுள்ள தண்ணீருக்குப் போகிறது. மீதி தண்டு வழியாக, தண்டு ஏறி இறங்கும் குழலான கைடுக்குப் போகிறது. இரண்டு சுற்றுக் கொண்ட ஒரு முழு வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் வால்வு மூடியிருப்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது. இடைவெளி அற்றுப்போனால், சூட்டில் நீண்ட தண்டு றொக்கரில் முட்டி, வால்வைச் சீற்றில் முழுதாக அமர விடாது. அமராத வால்வு குளிராது. குளிராத வால்வின் விளிம்புக்கும் சீற்றுக்கும் இடையே எரியும் வாயு பீறிடும். பீறிடும் இடம் உருகி அரிக்கப்படும். அரிக்கப்பட்ட இடத்தால் இன்னும் கூடுதலாகப் பீறிடும். முறிகண்டியில் சிறு தடுமாற்றமாக இருந்தது யாழ்ப்பாணம் வந்து சேர்வதற்குள் 60 இறாத்தலாக வீழ்ந்ததற்கு இதுவே காரணம்.

சீற் ஏன் தேய்ந்தது என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் ஈயத்தின் கதை வருகிறது. 1921 இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி, எஞ்சின் தட்டுவதை நிறுத்தும் பொருளாக டெட்ராஎத்தில் ஈயத்தைக் கண்டறிந்தார். 1923 இல் அது விற்பனைக்கு வந்தது. அது சேர்க்கப்பட்டது ஒக்டேனை உயர்த்தவே. ஆனால் எரிந்த ஈயத்தின் உப்புக்கள் எக்ஸோஸ்ற் சீற்றின் மீது மெல்லிய படலமாகப் படிந்து, யாரும் கேளாத ஒரு பாதுகாப்பையும் கொடுத்துக்கொண்டிருந்தன. அந்தப் படலம் இல்லாதபோது, செஞ்சூட்டில் இருக்கும் வால்வு மென்மையான வார்ப்பிரும்பின் மீது அறையும் ஒவ்வொரு தடவையும் நுண்ணிய புள்ளிகள் ஒன்றோடொன்று பற்றவைபட்டு, வால்வு திறக்கும்போது பிய்ந்து வருகின்றன. பிய்ந்த இரும்புத் துகள் ஒட்சைட்டாகி வால்வின் முகத்தில் கடினமான மொட்டுகளாக ஒட்டிக்கொள்கிறது; பிறகு அந்த வால்வே சீற்றைத் தேய்க்கும் அரமாகிவிடுகிறது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. குழந்தைகளின் மூளையை ஈயம் என்ன செய்கிறது என்று அறிந்தவர் எவரும் அதைத் திரும்பக் கேட்கமாட்டார். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 இல் நிறுத்தியது.

அப்படியானால் 2002 முதல் 2016 வரை எங்கள் வண்டி எப்படித் தாக்குப்பிடித்தது? அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அது முப்பது மைல் வேகத்தில் நீண்ட நேரம் ஓடியதில்லை. நல்லூர், சுன்னாகம், பருத்தித்துறை, திருமண வீடுகள், அவ்வளவே. ஏ9 2002 சித்திரையில் திறந்து 2006 இல் மீண்டும் மூடப்பட்ட காலத்திலும் இந்தக் கார் வவுனியாவைக் கண்டதில்லை. சீற் தேய்வு வேகத்தையும் சுமையையும் பொறுத்தது. ஊருக்குள் மெதுவாக ஓடும் எஞ்சினில் அது ஏறத்தாழ நிகழ்வதேயில்லை. போர் முடிந்து வீதி செப்பனிடப்பட்ட பிறகு, 2017 இல் முதன்முறையாக நான் அதைக் கொழும்புக்கு ஓட்டினேன். போக ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இந்த வண்டியில் மணிக்கு 80 கிலோமீற்றர் என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 3300 சுற்றுக்கு அண்மையில் சுழல்கிறது. ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1650 தடவை சீற்றில் அறைகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் அறை.

குறிப்பேட்டில் இருந்தது

2016 தை மாதத்தில் எட்டு வால்வுகளையும் 12 தௌவுக்கு வைத்ததாகவும், ஓராண்டு கழித்து, ஊருக்குள் 900 மைல் ஓடிய பிறகு, அளவுகள் மாறவில்லை என்றும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. 2017 இல் இரண்டு தடவை கொழும்பு போய் வந்த பின்னர், அதாவது ஏறத்தாழ ஆயிரம் மைலில், எக்ஸோஸ்ற் நான்கும் முறையே 10, 9, 8, 10 என்று குறைந்திருந்தன; உள்ளிழுப்பு 12 இலேயே நின்றது. இதை நானே அளந்து, நானே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மேலே சொன்ன பெரிய தவறு. வண்டியைச் சேர்விசுக்குக் கொடுத்தபோது, 12 தௌவில் டப்பெற் 'டிக் டிக்' என்று கேட்பதாகவும் கொழும்புப் பயணத்தின் பின்னர் எஞ்சின் இதமாக ஓடுவதாகவும் நான் சொன்னேன். அனுபவம் மிக்க மெக்கானிக் அவர். என்னைத் திருப்திப்படுத்த எட்டையும் 9 தௌவுக்கு வைத்தார். "சத்தம் கேக்காட்டில் எஞ்சின் சுகமா இருக்குது, தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அமைதியைக் கேட்டவன் நான். ஆனால் அந்த மூன்று தௌ, தேய்ந்துகொண்டிருந்த சீற்றுக்கு விட்டுவைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு. 12 இல் இருந்திருந்தால் முறிகண்டியில் ஐந்தாம் வால்வு 6 தௌவில் நின்றிருக்கும். அப்போதும் தேய்வு நின்றிருக்காது, ஆனால் வால்வு எரியுமுன் அடுத்த அளவீட்டில் பிடிபட்டிருக்கும்.

கழற்றியபோது கண்டவை

ஐந்தாம் வால்வின் விளிம்பில், எலி கடித்த அப்பளத்தைப் போல, ஒரு வாய் விழுந்திருந்தது. நான்காம் வால்வின் முகம் வட்டமாகக் குழிந்து, ஓரிடத்தில் வெளிறிய கோடு ஒன்று தொடங்கியிருந்தது. அடுத்த பயணத்தில் அதுவும் போயிருக்கும். புதிய வால்வு ஒன்றை ஒவ்வொரு சீற்றிலும் வைத்து, தண்டின் உயரத்தை ஒப்பிட்டதில், ஐந்தாம் சீற் ஓரத்துச் சீற்களைவிட அரை மில்லிமீற்றருக்கு மேல் கூடுதலாக இறங்கியிருந்தது. அதன் அண்மைய தேய்வு, குறிப்பேட்டின் கணக்குப்படி, 4 தௌவும் 6 தௌவும் சேர்ந்து 10 தௌ, கால் மில்லிமீற்றர். ஓரத்துச் சீற்களும் 4, 5 தௌ தேய்ந்திருந்ததால், அந்த வித்தியாசத்தில் அண்மைய தேய்வின் பங்கு 5 அல்லது 6 தௌ மட்டுமே. மிகுதி மண்ணெண்ணெய்க் காலத்துத் தேய்ப்புகளின் மிச்சம் என்று கொள்வதே பொருத்தம்.

ஈயமின்மை மட்டுமே காரணம் என்றால் நான்காவதும் ஐந்தாவதும் ஒரே அளவில் கெட்டிருக்க வேண்டும். கெடவில்லை. அதனால் மூன்றாம் சிலிண்டருக்குத் தனியாக என்ன நேர்ந்தது என்று தேடினேன். பிளக்குகள் பதில் சொல்லின. முதலாவதும் இரண்டாவதும் பிஸ்கற் நிறம். மூன்றாவதும் நான்காவதும் வெள்ளை. பின்பக்க உள்ளிழுப்பு வழியை இந்த இரண்டு சிலிண்டர்களும் பங்கிடுகின்றன. காபுரேற்றரிலிருந்து ஹெட்டுக்குக் கலவையைக் கொண்டுவரும் மெனிபோல்ட்டின் கஸ்கற்றை எடுத்துப் பார்த்தபோது அந்த வழியின் கீழ்விளிம்பில் காற்றுக் கசிந்த தடம் இருந்தது. கசிந்து நுழைந்த காற்று கலவையை மெலியச் செய்து, அந்த இரண்டு சிலிண்டர்களையும் சூடேற்றியிருக்கிறது. நான்காம் சிலிண்டரின் எக்ஸோஸ்ற் வால்வு ஓரத்தில் தனி வழியோடு இருப்பதால் தப்பியது. மூன்றாம் சிலிண்டரின் வால்வுக்கு நடுவழியின் சூடும் மெலிந்த கலவையின் சூடும் ஒருசேர வந்தன.

பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூற்றரின் வக்கியூம் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்ததில் அது காற்றை அப்படியே விட்டது. உள்ளே மென்சவ்வு கிழிந்திருந்தது. நெடுஞ்சாலையில் பாதி மிதிப்பில் சீராக ஓடும்போது பொறியை முன்தள்ள வேண்டிய உறுப்பு அது. அது வேலை செய்யாவிட்டால் கலவை தாமதமாகப் பற்றி, வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். வேலையாக மாற வேண்டிய சூடு எக்ஸோஸ்ற் வால்வைத் தடவிக்கொண்டு வெளியேறும். எஞ்சின் தட்டாது, குலுங்காது. சற்றுச் சோம்பலாக இருக்கும், அவ்வளவுதான். பெற்றோல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது என்று நான் நினைத்ததற்கும் காரணம் இதுவே.

கடைசியாகத் தண்ணீர். யாழ்ப்பாணத்தின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவைப் பார்க்காத வீடு இங்கில்லை. அந்தத் தண்ணீரைத்தான் அறுபது ஆண்டுகளாக றேடியேற்றருக்கு ஊற்றியிருக்கிறோம். ஹெட்டின் தண்ணீர் வழிகளுக்குள், சீற்களுக்குப் பின்புறத்தில், துருவும் சுண்ணமும் கலந்த படிவு பழுப்பு ஓடாக ஒட்டியிருந்தது. வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் அந்தப் படிவு சூட்டை மிக மோசமாகவே கடத்தும். வால்வின் முக்கால் பங்குச் சூடு போக வேண்டிய பாதையில் அது சுவராக நின்றிருக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், வெப்பமானி இதைக் காட்டாது. அது தண்ணீரின் சூட்டைத்தான் அளக்கிறது. படிவுக்கு அப்பால் இருக்கும் இரும்பின் சூட்டை அளப்பதில்லை.

செய்த திருத்தம்

எரிந்த வால்வை மட்டும் மாற்றி, சீற்றைத் தேய்த்து மூடிவிடலாம் என்றார்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் நானும் சம்மதித்திருப்பேன். கொழும்புப் பயணம் தொடரும் என்பதால், நான்கு எக்ஸோஸ்ற் சீற்களையும் கடைந்து கடின உலோக வளையங்களை, அதாவது சீற் இன்சேர்ட்களை, இறுக்கிப் பொருத்த முடிவு செய்தோம். உள்ளிழுப்பு வால்வைக் குளிர்ந்த கலவையே தழுவுவதால் அந்தப் பக்கம் தேவையில்லை.

இந்த வேலையை எந்தக் கடைசல் பட்டறையிலும் கொடுத்துவிட முடியாது. வளையம் அதன் குழியைவிட மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். 3 அல்லது 4 தௌ. குறைந்தால் சூட்டில் தளர்ந்து கழன்று விழும். விழுந்தால் வால்வும் பிஸ்ரனும் சேர்ந்து போகும். நான்காம், ஐந்தாம் சீற்களுக்கு இடையே இரும்பு மிக ஒடுங்கியது. அங்கே வெடிப்பு இருக்கிறதா என்று கடையுமுன் பார்க்க வேண்டும், ஆழமாகக் கடைந்தால் தண்ணீர் வழி திறந்துவிடும். கொழும்பில் இவ்வகை ஹெட்களைச் செய்து பழகிய ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். வெடிப்பு இருக்கவில்லை.

வால்வுகளை 21-4என் எனப்படும் உருக்கில் எடுத்தோம். 21 வீதம் குரோமியமும் ஏறத்தாழ 4 வீதம் நிக்கலும் நைதரசனும் சேர்ந்த, சூடு தாங்கும் உருக்கு அது. இவ்விடத்தில் ஒரு தப்பபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். நல்ல வால்வு போட்டால் போதும், சீற்றைத் தொடத் தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். தேய்வது சீற், வால்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மென்மையான வார்ப்பிரும்பு மென்மையாகவே இருக்கும். கைடுகளையும் மாற்றினோம். தேய்ந்த கைடில் ஆடும் வால்வு ஒவ்வொரு தடவையும் வேறோர் இடத்தில் அமரும். அப்படியான வால்வுக்கு எந்த இன்சேர்ட்டும் உதவாது. சீற்றின் சரிவு 45 பாகை; தொடும் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். அகலம் குறைந்தால் நன்றாக அடைக்கும், ஆனால் சூடு போக வழி குறையும்; கூடினால் கரி சிக்கிக்கொள்ளும்.

பெற்றோலில் ஊற்றும் மாற்றுத் திரவங்களைப் பற்றியும் யோசித்தோம். பிரித்தானியாவின் வரலாற்று வாகனக் கழகங்களின் கூட்டமைப்பு 1999 இல், மீரா என்னும் மோட்டார் ஆய்வு நிலையத்தில், இதே ஏ-வரிசை எஞ்சினை வைத்தே அத்தகைய திரவங்களைச் சோதித்து, தேறியவற்றுக்கு மட்டும் ஒப்புதல் வழங்கியது. பொட்டாசியம், சோடியம், பொசுபரசு, மங்கனீசு ஆகியவற்றில் ஒன்றை அடிப்படையாகக் கொண்ட அத்திரவங்கள் பயன் தருபவையே. ஒரு வகையை மற்றொன்றுடன் கலக்கக்கூடாது. ஆனால் ஒவ்வொரு தடவை பெற்றோல் அடிக்கும்போதும் தவறாமல் அளந்து ஊற்ற வேண்டும். எனக்கு அந்த ஒழுங்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். பெற்றோல் தாங்கிக்குள் போடும் தகரக் குளிகைகளை நான் நம்பவில்லை.

மற்றவை சிறு வேலைகள். மெனிபோல்ட் முகத்தைத் தட்டையாக்கி, புதிய கஸ்கற் வைத்து, சூடேறிய பின் நட்டுகளை மறுபடி இறுக்கினோம். வக்கியூம் அலகை மாற்றினோம். எஸ்யூ காபுரேற்றரின் கலவையை, அதற்குள் இருக்கும் சிறு பிஸ்ரனை அதன் தூக்கு முளையால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிச் சோதித்தோம். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை தடித்தது. உடனே அணைய முற்பட்டால் மெலிந்தது. ஒரு கணம் சற்றுக் கூடித் தணிந்தால் சரி. நாங்கள் அந்தச் சரிக்குச் சற்றுத் தடித்த பக்கத்தில் நிறுத்தினோம். தண்ணீர் வழிகளைச் சிற்றிக் அமிலக் கரைசலால் இரண்டு தடவை கழுவி, அடைப்புத் தட்டுகளைக் கழற்றிப் பின்பக்கச் சேற்றைக் கம்பியால் கிளறி எடுத்தோம். அன்று முதல் றேடியேற்றருக்கு வடிநீரும் துருத்தடுப்புக் கூளன்ரும் மட்டுமே. மழைக்காலத்தில் கூரையிலிருந்து பிடித்த தண்ணீரும் பரவாயில்லை. கிணற்றுத் தண்ணீர் இல்லை.

பின்னர்

புதிய ஹெட்டோடு முதல் 500 மைல் ஓடியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டப்பெற்களை மீண்டும் 12 தௌவுக்கு வைத்தேன். இந்த எஞ்சினில் அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்கலாம். ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஐந்தாவதை அளக்க நான்காவது திறந்திருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் தகடு இடைவெளிக்குள் போய்விடுகிறதா என்று பார்ப்பது போதாது. 12 போய் 13 போகாமல் நிற்க வேண்டும். ஒரே கை, ஒரே கேஜ், முழுதாகக் குளிர்ந்த எஞ்சின் என்று வைத்துக்கொண்டால்தான் ஓராண்டின் எண்ணை அடுத்த ஆண்டின் எண்ணோடு ஒப்பிடலாம். சரிசெய்யுமுன் இருந்த அளவை எழுத வேண்டும் என்பதையே நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பெரும்பாலான பட்டறைகள், என்னையும் உட்பட, சரிசெய்த பிறகு '12 வைத்தது' என்று மட்டுமே எழுதுகின்றன. அது நாம் வைத்த அளவு. எஞ்சின் காட்டிய அளவு அதில் இல்லை.

2019 இல் மூன்று கொழும்புப் பயணங்களுக்குப் பின் அளந்தபோது எட்டாவது மட்டும் 11. மற்ற ஏழும் 12. வளையம் குழிக்குள் முழுதாக அமர்ந்ததால் வந்த குறைவு என்று எண்ணி 12 க்குத் திருத்தினேன். பிறகு அது அசையவில்லை. டப்பெற் இப்போது கேட்கிறது. ஒடுங்கிய ஒழுங்கைகளில் மதில்களில் பட்டுத் திரும்பி வரும்போது நன்றாகவே கேட்கிறது.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் அட்டைக்கு வாரத்துக்குக் கிடைத்த சில லீற்றர்கள் மற்ற வாகனத்துக்கே போதாமல், மைனர் ஏழு மாதம் கொட்டிலுக்குள் நின்றது. நிற்கும் எஞ்சினிலும் எக்ஸோஸ்ற் வால்வு கெடும் என்பதை அப்போது கண்டேன். எஞ்சின் நின்ற இடத்தில் திறந்தபடி இருக்கும் வால்வின் தண்டில், கடற்காற்றின் உப்பும் குழாய்க்குள் தங்கிய ஈரமும் சேர்ந்து துரு பிடிக்கும். அப்படியே ஸ்ராட் அடித்தால் வால்வு கைடுக்குள் இறுகி நிற்க, றொக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் றொட் வளைந்துவிடலாம். அதனால் றொக்கர் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு தண்டிலும் மெல்லிய ஒயில் விட்டு, ஓர் இரவு ஊற வைத்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் எஞ்சினைச் சுற்றினேன். முதலாம் வால்வு தயங்கித் தயங்கியே மூடியது. இரண்டாம் சுற்றில் சற்று விரைந்தது; பத்தாவது சுற்றுக்குப் பிறகு மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. பீலர் கேஜை எடுத்து எட்டையும் அளந்து, குறிப்பேட்டில் எழுதிய பிறகே பற்றரியை மாட்டினேன்.